கடைசி ஆண்டு ப்ராஜெக்ட்: பக்கத்து ஷெட்டில் கேளுங்கள்

கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்கும் பிள்ளை நான்காம் ஆண்டுக்கு வந்ததும் வீட்டில் 'ப்ராஜெக்ட்' பேச்சு தொடங்கிவிடும். நாலு பேர் சேர்ந்து செய்கிறார்கள், கைடு ஒருவர் இருக்கிறார், மூன்று ரிவ்யூ, கடைசியில் வைவா. பெற்றோருக்குத் தெரிவது பெரும்பாலும் இவ்வளவுதான். மாணவர்களிலும் பலர் இதற்கு மேல் தெரியாமலே அந்த ஆண்டைக் கடந்துவிடுகிறார்கள் என்பதுதான் என் கவலை. நான்கு ஆண்டுப் படிப்பில் இவ்வளவு நேரமும் மதிப்பெண்ணும் ஒதுக்கப்பட்ட வேலை வேறில்லை.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்ட விதிமுறையை எடுத்துக்கொள்வோம். எட்டாவது செமஸ்டரில் வரும் ப்ராஜெக்ட் வேலைக்குப் பத்து கிரெடிட். சாதாரணமாக ஒரு தியரி பாடத்துக்கு மூன்றோ நான்கோதான் கிடைக்கும். வாரத்துக்கு இருபது பீரியடு ப்ராஜெக்டுக்கென்றே கணக்கில் இருக்கிறது. துறைத் தலைவர் அமைக்கும் குழு ஒன்று செமஸ்டர் நடுவில் மூன்று முறை மதிப்பிடும். கடைசியில் வெளியிலிருந்து வரும் தேர்வாளரும் உள்தேர்வாளரும் சேர்ந்து வைவா நடத்துவார்கள். தன்னாட்சிக் கல்லூரிகளில் எண்கள் சற்று மாறும், அமைப்பு ஏறக்குறைய இதுதான். இதற்கெல்லாம் முன்பாக ஏழாவது செமஸ்டரிலேயே 'ஜீரோத் ரிவ்யூ' என்று பல கல்லூரிகளில் ஒன்று நடக்கும். தலைப்பு முடிவாவது அங்கேதான். ப்ராஜெக்ட் நன்றாக வருமா, வெறும் ரிப்போர்ட்டாக முடியுமா என்பதும் பெரும்பாலும் அன்றைக்கே தீர்மானமாகிவிடுகிறது.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதிக் கல்லூரிகளுக்கு இந்த விஷயத்தில் நாட்டில் வெகு சில இடங்களுக்கே வாய்த்த வசதி ஒன்று உண்டு. 1985இல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரி பென்னலூரில் இருக்கிறது. அதே நெடுஞ்சாலையில் சற்றுத் தள்ளி இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்கள் வெளிவருகின்றன. தண்டலத்தில் ராஜலட்சுமி, சவீதா பொறியியல் கல்லூரிகள், குன்றத்தூர்ப் பக்கம் சென்னை இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி. தெற்கே ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசான், 2012இல் பாரத்பென்ஸ் லாரி தயாரிக்கும் டைம்லர், அங்கேயே ராயல் என்ஃபீல்டு, அப்பல்லோ டயர்ஸ், வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் மத்திய அரசின் ஆராய்ச்சி மையம். வல்லம் வடகாலில் யமஹா. ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங், ஃபாக்ஸ்கான், செயின்ட் கோபேன். இந்தப் பெரிய பெயர்கள் ஒவ்வொன்றுக்கும் உதிரிபாகம் செய்து தரும் வெண்டர் கம்பெனிகள் சிப்காட் வளாகங்களிலும் திருமுடிவாக்கம் சிட்கோ எஸ்டேட்டிலும் நிறைந்திருக்கின்றன. காலையில் கல்லூரிப் பேருந்தும் கம்பெனி பேருந்தும் ஒரே சிக்னலில் நிற்கின்றன. ஆனாலும் அந்தக் கம்பெனி பேருந்தில் போகிறவருக்குப் பயன்படும்படியான ப்ராஜெக்ட் இந்தக் கல்லூரிகளிலிருந்து வருவது அரிதாகவே இருக்கிறது.

தலைப்பு தேர்வாகும் விதம்தான் இதற்குக் காரணம். வழக்கமாக மாணவர்கள் 'பேஸ் பேப்பர்' என்று ஓர் ஆய்வுக் கட்டுரையைத் தேடி எடுப்பார்கள். அதில் உள்ள முறையைக் கொஞ்சம் மாற்றி, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் டேட்டாசெட்டில் ஓட்டி, அந்தக் கட்டுரையைவிட ஒரு சதவீதம் கூடுதல் துல்லியம் கிடைத்தது என்று காட்டுவார்கள். நோய் கண்டறிதல், போலிச் செய்தி கண்டறிதல், பயிர் விளைச்சல் கணிப்பு என்று அதே தலைப்புகள் ஆண்டுதோறும் திரும்ப வரும். அந்த மருத்துவர், அந்தச் செய்தியாளர், அந்த விவசாயி ஒருவரையும் டீம் சந்தித்திருக்காது. இதைவிட மோசமான வழியும் இருக்கிறது. சென்னையில் ப்ராஜெக்ட் சென்டர்கள் தலைப்பு, கோடு, ரிப்போர்ட், வைவாவில் கேட்கக்கூடிய கேள்விகளுக்குப் பதில் என்று எல்லாவற்றையும் விலைக்குத் தருகின்றன. வாங்குகிற மாணவரைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ப்ளேஸ்மென்ட் அலைச்சல், அரியர் பயம், 'எப்படியாவது முடித்துவிடு' என்று சொல்லும் சூழல், இவற்றுக்கு நடுவே அவர் நிற்கிறார். ஆனால் அவர் இழப்பது பெரிது. தனக்குத் தெரியாத ஒருவரின் சிக்கலைக் கேட்டு, புரிந்து, நாலு பேரோடு சேர்ந்து தீர்த்துக் கொடுக்கும் பயிற்சி, வேலைக்குச் சேர்வதற்கு முன் கிடைக்கும் ஒரே வாய்ப்பில் கைநழுவிப் போகிறது.

நல்ல ப்ராஜெக்டை அடையாளம் காண நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்பேன். நாளைக் காலை இதை யார் திறந்து பயன்படுத்துவார்? அந்த ஆளுக்குப் பெயரும் வேலையும் இருக்க வேண்டும். 'தொழில்துறை', 'பயனாளர்கள்', 'சமூகம்' என்றெல்லாம் பதில் வந்தால் அப்படி ஓர் ஆள் இல்லை என்றே பொருள்.

இதில் புதுமை ஏதுமில்லை. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் ஹார்வி மட் கல்லூரி 1963இலேயே 'கிளினிக்' என்ற பெயரில் இதைத் தொடங்கிவிட்டது. வெளி நிறுவனம் தன் உண்மையான சிக்கலைக் கொண்டுவரும், மாணவர் டீம் ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில் அதன்மேல் ஓராண்டு வேலை செய்யும். பிறகு கணினித் துறைக்கும் அந்த முறை வந்தது. நம் பக்கத்திலும் அடித்தளம் போட்டாயிற்று. பொறியியல் பட்டங்களைப் பல நாடுகள் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் உடன்பாட்டில் இந்தியா 2014 ஜூனில் முழு உறுப்பினரானது. அதையொட்டி நம் அங்கீகார வாரியம் பட்டதாரியிடம் எதிர்பார்க்கும் திறன்களில் குழுவாக வேலை செய்தல், பிறருக்குப் புரியும்படி எடுத்துச்சொல்லுதல், செலவையும் காலத்தையும் நிர்வகித்தல் ஆகியவற்றுக்குத் தனித்தனி இடம் இருக்கிறது. கோடு எழுதத் தெரிவது இந்தப் பட்டியலில் ஒரு பகுதி மட்டுமே.

சரி, ஆளை எங்கே தேடுவது? பெரிய தொழிற்சாலையின் வாசலில் தொடங்க வேண்டாம். அங்கே ஃபோனின் கேமராமேல் ஸ்டிக்கர் ஒட்டித்தான் உள்ளே விடுவார்கள். டேட்டா ஒரு வரிகூட வெளியே வராது. மென்பொருள் முடிவுகள் வேறு நகரத்திலோ வேறு நாட்டிலோ எடுக்கப்படும். அனுமதிக் கடிதம் மேசை மேசையாக ஏறி இறங்குவதற்குள் செமஸ்டரே முடிந்துபோகும். முப்பது, ஐம்பது பேர் வேலை பார்க்கும் வெண்டர் கம்பெனியில் நிலைமை வேறு. ஓனர் அங்கேயே உட்கார்ந்திருப்பார். குவாலிட்டி இன்சார்ஜும் டிஸ்பாட்ச் பார்ப்பவரும் ஒரே ஆளாக இருக்கலாம். ஐ.டி. டிபார்ட்மென்ட் என்று ஒன்று இருக்காது. தினசரிக் கணக்கு பெரும்பாலும் நோட்டிலும் எக்செலிலும் ஓடும். கம்ப்யூட்டர் படித்த நாலு பேர் உட்கார்ந்து கேட்க நேரம் ஒதுக்கினால் சொல்வதற்கு அவரிடம் நிறைய இருக்கும்.

அந்த வாசலைத் திறக்கும் ஆள் பல நேரம் மாணவரின் வீட்டிலேயே இருக்கிறார். இந்தப் பகுதிக் கல்லூரிகளில் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் ஏராளம். அப்பா டூல் ரூமில் ஃபிட்டர், அக்கா ஃபோன் அசெம்ப்ளி லைனில், மாமா ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார் என்ற வீடுகள். அவர்களிடம் 'உங்க லைன்ல தினமும் நேரம் வீணாவது எங்கேக்கா?' என்று கேட்ட மாணவர்கள் மிகக் குறைவு. கேட்டால் வரும் பதில் எந்த பேஸ் பேப்பரிலும் இருக்காது. கல்லூரியின் பழைய மாணவர்கள் அடுத்த வழி. எப்படிப் போனாலும் துறைத் தலைவர் கையெழுத்திட்ட கடிதம் கையில் இருக்கட்டும். என்ன பார்க்கப்போகிறோம், எதைப் படம் எடுக்க மாட்டோம், டேட்டாவை யாருக்கும் தரமாட்டோம், எழுதும் ரிப்போர்ட்டில் கம்பெனி பெயர் வரலாமா வேண்டாமா என்பதை ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் ஓனருக்குப் பாதி பயம் போய்விடும்.

ஓர் உதாரணத்தை வைத்து முழுவதும் பார்த்துவிடலாம். கார் கதவுக்கான சிறிய பிராக்கெட்டுகள் அடிக்கும் ஒரு ப்ரஸ் ஷாப் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஃகுத் தகடு சுருளாக, அதாவது காயிலாக வரும். ப்ரஸ்ஸில் டை எனும் அச்சை மாட்டி அடிப்பார்கள். பிசிறு நீக்கி, ப்ளேட்டிங்குக்கு வெளியே அனுப்பி, திரும்பி வந்ததும் பார்த்து, 'பின்' எனப்படும் பெட்டியில் போட்டு, இன்வாய்ஸோடு அனுப்புவார்கள்.

நம் டீம் உள்ளே போனதும் முதலில் தோன்றுவது கேமரா. பிராக்கெட்டைப் படம் எடுத்து, கிராக் இருக்கிறதா என்று ஏஐ மாடல் சொல்லும். கேட்கவே நன்றாக இருக்கிறது, ரிவ்யூவிலும் கைதட்டல் கிடைக்கும். இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். ஆயிரம் பிராக்கெட்டில் பத்து கெட்டவை என்று வைப்போம். எதைக் காட்டினாலும் 'நல்லது' என்று சொல்லும் ஒரு மாடலை எழுதினால் அதன் துல்லியம் 99 சதவீதம், பிடித்த கெட்ட பிராக்கெட் பூஜ்ஜியம். இன்னொரு மாடல் பத்தில் ஒன்பதைப் பிடிக்கிறது, ஆனால் ஐம்பது நல்லவற்றையும் சந்தேகப்படுகிறது. அதன் துல்லியம் 94.9 சதவீதம்தான். ஆனால் இன்ஸ்பெக்ஷன் பார்ப்பவர் ஆயிரத்துக்குப் பதில் 59 பிராக்கெட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் போதும். தொழிற்சாலைக்கு எது வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. ரிப்போர்ட்டில் 99 சதவீதம் என்று பெரிதாகப் போட்டிருக்கும் ப்ராஜெக்டைப் பார்த்தால் நான் அடுத்துத் தேடும் எண், கெட்டவற்றில் எத்தனை தப்பித்தன என்பதுதான்.

இன்னொரு பொறி இதைவிட நுட்பமானது. கெட்ட பிராக்கெட் கிடைப்பது அரிது. இருபது கிடைத்தால் ஒவ்வொன்றையும் ஐம்பது கோணத்தில் எடுத்து ஆயிரம் படம் சேர்ப்பார்கள். பிறகு படங்களைக் கலைத்துப் போட்டு எண்பது சதவீதம் பயிற்சிக்கு, இருபது சோதனைக்கு என்று பிரிப்பார்கள். இப்போது ஒரே பிராக்கெட்டின் படம் இரண்டு பக்கமும் இருக்கிறது. மாடல் கிராக்கைக் கற்றுக்கொண்டதா, அந்த இருபது பிராக்கெட்டுகளையே மனப்பாடம் செய்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. படத்தைப் பிரிக்காமல் பிராக்கெட்டைப் பிரிக்க வேண்டும்: பதினாறு பிராக்கெட்டின் படங்கள் முழுக்கப் பயிற்சிக்கு, மாடல் பார்த்தே இராத நாலு பிராக்கெட்டின் படங்கள் சோதனைக்கு. துல்லியம் பெரும்பாலும் இறங்கும். அந்த இறங்கிய எண்தான் உண்மை.

கேமரா யோசனை தவறில்லை. ஆனால் இரண்டு மூன்று நாள் அங்கேயே உட்கார்ந்து பார்த்தால் குவாலிட்டி இன்சார்ஜின் தலைவலி வேறு இடத்தில் இருப்பது தெரியவரும். வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஃபோன் வருகிறது: போன வாரம் வந்த லாட்டில் ஏழு பிராக்கெட்டில் கிராக், எட்டு டி ரிப்போர்ட் அனுப்புங்கள். காரணம் என்ன, வேறு எங்கெல்லாம் அது பரவியிருக்கும், மறுபடி வராமல் என்ன செய்தீர்கள் என்று படிப்படியாக எழுதித் தரவேண்டிய ரிப்போர்ட் அது. அந்த ஏழும் எந்த காயிலில் அடித்தவை? எந்த டை, எந்த ஷிஃப்ட்? அதே காயிலில் அடித்த மற்றவை இப்போது எந்த பின்னில் இருக்கின்றன, எந்த இன்வாய்ஸில் போயின? பதில் தேட அவர் ஒவ்வொரு லாட்டோடும் போகும் ரூட் கார்டுகளையும் மூன்று நோட்டுகளையும் புரட்டுகிறார். தெரியாவிட்டால் சந்தேகத்துக்கு எல்லா ஸ்டாக்கையும் பிரித்துக் கையால் பார்க்க ஆள் போட வேண்டும்.

ஆக, டீம் செய்யவேண்டியது தடமறியும் அமைப்பு. ஒவ்வொரு பின்னுக்கும் ஒரு க்யூஆர் லேபிள். காயில் ஏற்றும்போது, அடித்து முடித்ததும், ப்ளேட்டிங் போகும்போது, வரும்போது, டிஸ்பாட்ச்சில் என்று ஐந்து இடத்தில் ஸ்கேன். 'இதில் என்ன சார் ஆராய்ச்சி இருக்கிறது, வெறும் டேட்டாபேஸ்தானே?' என்று ரிவ்யூவில் கேட்பார்கள். கேட்கட்டும். பதில் சொல்ல நிறைய இருக்கிறது. ப்ளேட்டிங்குக்குப் போன நாலு பின்களின் பிராக்கெட்டுகளை அங்கே ஒரே தொட்டியில் கொட்டிவிடுவார்கள். திரும்பி வரும் பின் நாலு பின்களுக்கும் பிள்ளை. ஒரு காயில் பல பின்களாகப் பிரிகிறது, பல பின்கள் ஒன்றாகக் கலக்கின்றன. இது சாதாரண வரிசைப் பட்டியலில் அடங்காது, கிராஃபாகத்தான் வைக்க முடியும். 'இந்த இன்வாய்ஸில் எந்தெந்த காயிலின் பிராக்கெட் இருந்திருக்கக்கூடும்?' என்று அந்தக் கிராஃபைப் பின்னோக்கித் தேட வேண்டும். உறுதியாகச் சொல்ல முடிவது எது, இருக்கலாம் என்று மட்டும் சொல்ல முடிவது எது என்று பிரித்துக் காட்ட வேண்டும். இரண்டாம் ஆண்டில் கரும்பலகையில் படித்த கிராஃப் தேடல் இங்கே ஒரு லாட்டை முழுதாகத் திருப்பி எடுப்பதா, மூன்று பின்னை மட்டும் எடுப்பதா என்பதைத் தீர்மானிக்கிறது.

இன்னும் உண்டு. தகர ஷெட்டுக்குள் வைஃபை சரியாக எட்டாது. எனவே ஸ்கேன் செய்யும் ஃபோன் தனக்குள்ளேயே சேமித்து, நெட்வொர்க் வரும்போது அனுப்ப வேண்டும். ஒரே ஸ்கேன் இரண்டு முறை போய்ச் சேர்ந்தாலும் ஒன்றாகவே எண்ணப்பட வேண்டும். இரண்டு ஃபோன்களின் கடிகாரம் ஐந்து நிமிடம் வித்தியாசப்பட்டால் எது முதலில் நடந்தது என்று எப்படி முடிவெடுப்பது? பரவல் கணினியியல் பாடத்தில் இவற்றுக்கெல்லாம் அத்தியாயம் இருக்கிறது. அத்தியாயத்தைப் படித்தவர்கள் நிறையப் பேர். தேவைப்பட்டதால் திரும்பிப் போய்ப் படித்தவர் அதை மறக்க மாட்டார்.

திரையும் ஆளைப் பார்த்து வர வேண்டும். ஆப்பரேட்டர் கையில் எண்ணெய், சில வேலைகளில் கையுறை. சின்னச் சின்ன பட்டன் வேலைக்காகாது, டைப் செய்ய வைப்பது நடக்காது. ஒரு ஷிஃப்டில் தமிழ் பேசுபவர்களும் இந்தி, ஒடியா பேசுபவர்களும் சேர்ந்து நிற்பார்கள். எனவே எழுத்தோடு படமும் நிறமும் வேண்டும். ஒரு ஸ்கேனுக்கு இருபது வினாடி ஆனால் இரண்டாம் நாளே அதைக் கைவிட்டு நோட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். அது அவர்கள் பிழையில்லை. இந்த உண்மையை ஏப்ரலில் கண்டுபிடித்தால் பயனில்லை. ஜனவரியிலேயே அரைகுறைத் திரை ஒன்றைக் கொண்டுபோய் அவர்கள் கையில் கொடுத்து, பக்கத்தில் பேசாமல் நின்று பார்க்க வேண்டும்.

இரண்டு எல்லைகளை டீம் மீறக்கூடாது. முதலாவது, இயந்திரம். ப்ரஸ் எத்தனை முறை அடித்தது என்று தானாக எண்ண ஆசை வரும். அதற்காக இயந்திரத்தை இயக்கும் பிஎல்சி பெட்டிக்குள் வயரைச் செருகாதீர்கள். கேபிளைச் சுற்றிக் கவ்விக்கொள்ளும் கரன்ட் சென்சார் இருக்கிறது. இயந்திரம் சும்மா ஓடுகிறதா, வேலை செய்கிறதா என்று மின்னோட்டத்தைப் பார்த்தே சொல்லிவிடும். அதையும் கம்பெனி எலக்ட்ரீஷியன்தான் மாட்ட வேண்டும். ப்ரஸ் கை விரல்களைப் பறிக்கும் இயந்திரம் என்பதை மென்பொருள் மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, மனிதர். ஸ்கேன் செய்த நேரம் பதிவாகிறது என்றால் யார் எத்தனை அடித்தார், எவ்வளவு நேரம் எழுந்து போனார் என்பதும் அதிலிருந்து வந்துவிடும். ஓனர் கேட்கவும் செய்யலாம். பிராக்கெட்டைத் தடமறிய வந்தோம். ஆளைத் தடமறிய வரவில்லை. ஆப்பரேட்டர் பெயர் தேவையா என்று முதல் வாரமே பேசி முடிவெடுங்கள். ஷிஃப்டும் மெஷினும் தெரிந்தால் எட்டு டி ரிப்போர்ட்டுக்குப் பெரும்பாலும் போதும். என்ன பதிவாகிறது, என்ன பதிவாகாது என்பதை லைனில் நிற்பவர்களிடமும் சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு நம்பிக்கை இல்லாத அமைப்பில் அவர்கள் சரியாக ஸ்கேன் செய்யப்போவதுமில்லை.

இனி டீம். அண்ணா பல்கலைக்கழக முறையில் நாலு பேர் வரை சேரலாம். நாலு பேர் என்றால் ஒருவருக்கொருவர் பேச ஆறு இணைப்பு. ஆறு பேர் என்றால் பதினைந்து. ஐபிஎம்மின் ஓஎஸ்/360 திட்டத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975இல் வெளியிட்ட 'தி மிதிகல் மேன்-மன்த்' நூலில் இந்தக் கணக்கை வைத்துத்தான், தாமதமான மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று வாதிட்டார். ஆக, நாலு பேர் டீம் வசதியான அளவு. கெட்டுப்போவது பிரித்துக்கொள்ளும் முறையில். ஒருவர் கோடு, ஒருவர் பிபிடி, ஒருவர் ரிப்போர்ட், ஒருவர் 'கோ-ஆர்டினேஷன்'. இந்தப் பிரிவினையில் ஒருவர் மட்டும் இரவெல்லாம் விழிப்பார், மூவர் அவர் சொல்வதை நம்பியிருப்பார்கள். பெண்கள் இருக்கும் டீமில் கோடு பையன்களுக்கு, ரிப்போர்ட் பெண்களுக்கு என்று யாரும் சொல்லாமலே அமைந்துவிடுவதும் உண்டு. அதைக் கைடு முதல் ரிவ்யூவிலேயே கவனித்துத் திருத்த வேண்டும்.

மாட்யூல் மாட்யூலாகப் பிரிப்பதும் பாதி வழிதான். நீ ஆப், நான் சர்வர், அவள் டேட்டாபேஸ், மார்ச்சில் இணைப்போம் என்று பிரிந்தால், மார்ச்சில் எதுவும் எதோடும் பொருந்தாது. மெல்லியதாக, ஆனால் முனையிலிருந்து முனை வரை ஓடும் ஒன்றை முதல் இரண்டு வாரத்துக்குள் நிறுத்துங்கள்: ஒரே ஒரு பின், ஒரே ஒரு ஸ்கேன், அது சர்வருக்குப் போய் ஒரு வரியாகத் திரையில் வந்தால் போதும். பிறகு ஒவ்வொருவரும் ஒரு முழு வேலையை எடுத்துக்கொள்ளலாம். ப்ளேட்டிங் கலப்பை ஒருவர் ஆப்பிலிருந்து டேட்டாபேஸ் வரை பார்க்கட்டும். ஆஃப்லைன் சேமிப்பை இன்னொருவர். அப்போது நாலு பேருக்கும் முழு அமைப்பும் தெரிந்திருக்கும். வைவாவில் யாரை எழுப்பிக் கேட்டாலும் பதில் வரும்.

இதற்கு கிட் (Git) இல்லாமல் முடியாது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் லினக்ஸ் வேலைக்காக எழுதிய இந்தக் கருவி, யார் எந்த வரியை எப்போது ஏன் மாற்றினார் என்று பதிந்துவைக்கும். 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'ஃபைனல் ரியல்' என்று ஜிப் கோப்புகளை வாட்ஸாப்பில் அனுப்பிக்கொள்ளும் பழக்கத்தை முதல் நாளே விட்டுவிடுங்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துப் பார்த்த பிறகே சேர்க்கும் வழக்கம் வந்தால், அதுவே பெரிய படிப்பு. கைடுக்கும் இது உதவும். டீமில் யார் வேலை செய்கிறார் என்று கேட்டு நால்வரையும் சங்கடப்படுத்த வேண்டாம், பதிவைப் பார்த்தாலே தெரியும். ஆனால் எண்ணிக்கையை மட்டும் வைத்து மதிப்பெண் போடக்கூடாது. ஷெட்டில் மூன்று நாள் நின்று எழுதிய ஒரு பக்கக் குறிப்பு ஐந்நூறு வரிக் கோடைவிட மதிப்பாக இருக்கலாம். அதையும் கிட்டிலேயே போட்டு வையுங்கள்.

மூன்று ரிவ்யூக்களை இதோடு பொருத்திப் பார்ப்போம். முதல் ரிவ்யூவில் ஆர்க்கிடெக்சர் டயகிராம் காட்டுவதுதான் வழக்கம். அதோடு, சந்தித்த ஆள் யார், இப்போது அவர் எப்படிச் செய்கிறார், எவ்வளவு நேரமாகிறது என்பதையும் காட்டுங்கள். ஒரு லாட்டைத் தேட நோட்டில் எவ்வளவு நேரம் ஆனது என்று கடிகாரம் வைத்து எடுத்த எண் ஒன்று இருந்தால், கடைசியில் ஒப்பிட உண்மையான அளவு கையில் இருக்கும். இரண்டாவது ரிவ்யூவில் ஷெட்டில் ஓடிய பதிப்பு, அங்கே என்ன உடைந்தது என்ற பட்டியலோடு. உடைந்ததை மறைக்காமல் காட்டும் டீமுக்கு மதிப்பெண் குறைக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது மாணவர்களுக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கிறது, மாற வேண்டும். மூன்றாவதில், நம் ஆட்கள் பக்கத்தில் இல்லாமலே தொடர்ந்து சில ஷிஃப்ட் ஓடியதற்கான சான்று.

வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்பதற்குப் பயப்பட ஒன்றுமில்லை, தானே செய்திருந்தால். ஏன் இந்த டேட்டாபேஸ், பத்து மடங்கு ஸ்கேன் வந்தால் என்ன ஆகும், நீங்கள் செய்யாமல் விட்டது எது என்று கேட்பார்கள். கடைசிக் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்பவர்களை எந்தத் தேர்வாளரும் மதிப்பார். வேலை நேர்காணலிலும் இதே நிலைதான். நடந்த ஒன்றைச் சொல்பவரிடம் மேலும் மேலும் கேட்கத் தோன்றும். மனப்பாடம் செய்தவரிடம் இரண்டாவது கேள்வியிலேயே பேச்சு நின்றுவிடும்.

செலவு பற்றிப் பெற்றோர் கேட்பார்கள். மேலே சொன்ன அமைப்புக்கு வேண்டிய மென்பொருள் அனைத்தும் இலவசம். சர்வருக்குப் பழைய லேப்டாப் போதும். க்யூஆர் லேபிள் அச்சிடுவதும் போய்வரும் பேருந்துச் செலவும்தான் பெரிது. தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் ப்ராஜெக்டுகளுக்குச் சிறு தொகை தரும் திட்டம் வைத்திருக்கிறது. கல்லூரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும், தேதியைத் தவறவிடக்கூடாது. 2022 மார்ச் 1 அன்று தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் கீழ் நடக்கும் நிரல் திருவிழா, கடைசி ஆண்டு ப்ராஜெக்டுகளை உண்மைச் சிக்கல்களோடு இணைக்க முயல்வது. அங்கே பட்டியலிடப்படும் சிக்கல்களைப் படித்துப் பார்ப்பது, சொந்தத் தலைப்பு வைத்திருப்பவருக்கும் நல்லது. மத்திய அரசு 2017 முதல் நடத்தும் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானில் ஆறு பேர் டீம், ஒரு பெண்ணாவது கட்டாயம். மென்பொருள் பிரிவின் இறுதிச் சுற்று 36 மணி நேரம். அது நல்ல ஓட்டப் பயிற்சி. ஆனால் 36 மணி நேரத்தில் டெமோ செய்யலாம், ஷெட்டில் மூன்றாவது வாரம் என்ன உடைகிறது என்று தெரிந்துகொள்ள முடியாது. இரண்டையும் ஒன்றென்று நினைக்க வேண்டாம்.

பெற்றோருக்கு இன்னொன்று. பிள்ளை ப்ராஜெக்ட் சென்டருக்குப் பணம் கேட்டால் திட்டுவதற்கு முன் உட்காரவைத்து, யாருக்காகச் செய்கிறீர்கள் என்று கேளுங்கள். பதில் இல்லை என்றால், நீங்கள் வேலை பார்க்கும் இடத்தைப் பற்றிப் பேசுங்கள். எங்கே எழுதிவைக்கிறீர்கள், எதைத் தேடி அலைகிறீர்கள், எந்தப் பேப்பர் தொலைந்தால் யார் திட்டு வாங்குகிறார் என்று சொல்லுங்கள். கம்ப்யூட்டர் தெரியாது என்று ஒதுங்க வேண்டாம். இந்த விஷயத்தில் உங்களுக்குத் தெரிந்தது அவர்களுடைய பேராசிரியருக்குத் தெரியாது.

ப்ராஜெக்ட் முடிவது வைவாவோடு இல்லை, ஒப்படைப்பதோடு. மே மாதம் நாலு பேரும் நாலு ஊருக்குப் போய்விடுவார்கள். லேப்டாப் நின்றுவிட்டால் என்ன செய்வது, டேட்டாவை எப்படிக் காப்பி எடுத்து வைப்பது, புது டை வந்தால் எங்கே சேர்ப்பது என்று தமிழில், திரைப் படங்களோடு, இரண்டு மூன்று பக்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். பாஸ்வேர்டு குவாலிட்டி இன்சார்ஜிடம் இருக்க வேண்டும். அமைப்பு முற்றிலும் நின்றுபோனாலும் டேட்டா எக்செலாக வெளியே வரும்படி ஒரு பட்டன் இருக்க வேண்டும். கோடு யாருக்குச் சொந்தம், கல்லூரி அதை அடுத்த ஆண்டு பயன்படுத்தலாமா என்பதை முதலில் கொடுத்த அந்த ஒரு பக்கக் கடிதத்திலேயே எழுதியிருந்தால் இப்போது தகராறு வராது. மார்ச்சிலேயே மூன்றாம் ஆண்டு மாணவர் இருவரை அந்த ஷெட்டுக்கு அழைத்துப்போய் அறிமுகம் செய்துவையுங்கள். கேமரா யோசனையை அவர்கள் எடுத்துக்கொள்ளலாம். அதற்குள் எந்த பின்னில் எந்த காயிலின் பிராக்கெட் இருக்கிறது என்று தெரிந்திருப்பதால், கெட்ட பிராக்கெட்டுகளை ஒவ்வொன்றாகத் தேடி அலையாமல் சந்தேகப்பட்ட பின்களிலிருந்தே படம் எடுக்கத் தொடங்கிவிட முடியும்.